மர்பி டவுனும் குடிக்கூலியும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளில் தொடங்கும். சொந்த ஊர் எது, வேலை எங்கே என்பன முதல் இரண்டு. வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் இயல்பாக விடை சொல்லும் குரல், மூன்றாவதற்கு விடை சொல்கையில் சற்றுத் தாழ்ந்துவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். வாடகையைக் 'குடிக்கூலி' என்று வழங்கினர் நம் முன்னோர். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். உழைத்துக் கூலி பெறுகிறோம். அக்கூலியின் பெரும்பகுதியைக் குடியிருப்பதற்கே மீண்டும் கூலியாகக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தக் குடிக்கூலியின் வரலாற்றை ஒரே ஊரின் ஒரே பேட்டையை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். அந்த ஊர் பெங்களூர். அந்தப் பேட்டை மர்பி டவுன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நான் சில ஆண்டுகளுக்கு முன்னர் பெங்களூருக்கு மாற்றப்பட்டேன். வீடு தேடி அலைந்தபோது, உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் மர்பி டவுனைச் சொன்னார். அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, பழைய சென்னைச் சாலைக்கு அருகில் அமைந்த பகுதி அது. குறுகிய தெருக்கள், சிறிய மனைகள், மனைக்கு மேல் மனையாக எழும்பிய இரண்டு, மூன்று மாடிகள். தெருவில் நின்று செவி கொடுத்தால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து கேட்கும். நான் பார்க்கச் சென்ற வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் இருந்தன. வாடகை என் சக்திக்கு உட்பட்டதாகவே இருந்தது. முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். பத்து மாத வாடகை என்றார்.

"சற்றுக் குறைத்துக்கொள்ளலாகாதா, ஐயா?" என்றேன்.

"பத்து மாசம் இந்த ஊர் வழக்கம் சார். எனக்குப் பென்ஷன் கிடையாது. இந்த மாடிதான் என் பென்ஷன்" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, தம் பாட்டனார் வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் என்றும், ஓர் அறைக்குக் குடிக்கூலி கொடுத்து வாழ்ந்தவர் என்றும் கூறினார். குடிக்கூலி கொடுத்தவரின் பேரன் இன்று குடிக்கூலி வாங்குகிறார். அவரிடம் குடியிருக்க வந்தவனும் அதே சீமையிலிருந்து வந்தவன். இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்ற கேள்வியே என்னைப் பழைய வரலாற்றைத் தேடச் செய்தது.

1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் போர்க்களத்தில் மடிந்தபின், ஆங்கிலேயர் தம் பட்டாளத்தை முதலில் அங்கேயே நிறுத்தினர். அவ்விடத்துக் காய்ச்சல் சிப்பாய்களை வாட்டியமையால், உயரமான இடத்தில் அமைந்த, நல்ல தட்பவெப்பமுள்ள பெங்களூரைத் தேர்ந்தனர். 1809ஆம் ஆண்டில் அல்சூர்க் கிராமத்தை ஒட்டிய வெளியில் கண்டோன்மெண்டு தோன்றியது. பட்டாளம் தங்குமிடம் என்னும் பொருளில் மக்கள் அதனைத் 'தண்டு' என்று வழங்கினர். சிவாஜி நகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

வந்த பட்டாளம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே பட்டாளத்தின் பின்னே வந்த மக்களும் பெரும்பாலும் அம்மாகாணத்தவரே. சமையற்காரர், வண்டிக்காரர், சலவையாளர், தோட்டக்காரர், கொத்தனார், கல் உடைப்போர், தானிய வணிகர், ஒப்பந்தக்காரர் எனப் பல திறத்தாரும் வந்தனர். 1864இல் சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூர்க் கண்டோன்மெண்டை எட்டியபின் இவ்வரவு மேலும் பெருகிற்று. ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரைப் போன்ற சிலர் ஒப்பந்தத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிக் கல்விச்சாலைகள் நிறுவினர். ஆயின் வந்தவருள் மிகப் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவரே.

இவர்கள் எங்கே குடியிருந்தனர்? இதற்கான விடையில்தான் பெங்களூர்க் குடிக்கூலியின் முதல் அத்தியாயம் அடங்கியுள்ளது. அதிகாரிகளுக்கு விசாலமான தோட்டங்களுக்கு நடுவே பங்களாக்கள் எழுந்தன. பங்களாவில் பணிபுரிந்தோர் தோட்டத்தின் கோடியில் இருந்த புறவீடுகளில் தங்கினர். அவ்வீட்டுக்கு வாடகை இல்லை எனலாம். ஆனால் வேலை போனால் அன்று மாலையே வீடும் போய்விடும். பங்களா வேலை இல்லாத ஏனையோர் தண்டின் விளிம்பில் பேட்டைகளாகக் குடிசை இட்டுக்கொண்டனர். அத்தகைய பேட்டைகளுள் ஒன்று நாக்ஸ்பேட்டை. இன்றைய மர்பி டவுனின் பழைய பெயர் அதுவேயாகும்.

தண்டின் ஆட்சிமுறையும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1831 முதல் ஆங்கிலேயர் ஆண்டுவந்த மைசூர் இராச்சியம் 1881இல் உடையார் மரபினர்க்குத் திருப்பியளிக்கப்பட்டது. அப்போது பெங்களூர்த் தண்டை மட்டும் ஆங்கிலேயர் தம் கையில் வைத்துக்கொண்டனர். 'சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன்' என்ற பெயருடன் அது ரெசிடெண்டின் ஆளுகையில், தனி நகரசபையோடு இயங்கியது. ஆக, ஒரே ஊர் இரு நகரங்களாய் இருந்தது. மேற்கே மைசூர் அரசரின் பெங்களூர் நகரம். கிழக்கே ரெசிடெண்டின் ஸ்டேஷன். இவ்விரண்டையும் ஒருசேர உலுக்கிய ஆண்டு 1898.

அவ்வாண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான சந்துகளிலும், காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளிலும் மக்கள் மடிந்தனர். ஊரைக் காலி செய்து வெளியே கொட்டகைகளில் தங்கியோர் பலர். நோய் எலிகளால் பரவுவது என்ற உண்மை புலப்பட்டபின், வீட்டின் அமைப்பே உயிரைக் காக்கும் அல்லது போக்கும் என்பது எல்லார்க்கும் விளங்கிற்று. மேற்கே பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. கிழக்கே ஸ்டேஷனில், 1906ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரேசர் டவுன் பிளேக் அணுகாத நகரமைப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. எலி வளை தோண்ட இயலாத தரை, உயர்ந்த அடித்தளம், சன்னல்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இடைவெளி ஆகியவை அதன் இலக்கணங்கள். அதனை உருவாக்கிய பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் இப்பொருள் பற்றி 1914இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார்.

இப்புதிய பேட்டைகள் மனை வாங்கவும் வீடு கட்டவும் வசதியுள்ளோர்க்குப் பயன்பட்டன. கூலிக்காரர் நிலை என்ன? பிளேக் கூலிக்காரனையும் குமாஸ்தாவையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. குடிசையில் தோன்றிய நோய் பங்களாவுக்கும் வரும். ஏழைகளின் வீட்டைப் பற்றி நகரசபை கவலைகொள்ள நேர்ந்தமைக்கு இரக்கம் ஒரு காரணம் எனில், இந்த அச்சம் மற்றொரு காரணம். இவ்வகையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாக்ஸ்பேட்டை இருந்த இடத்தில் தொழிலாளர்க்கென ஒழுங்கான தெருக்களோடு ஒரு முன்மாதிரிக் குடியிருப்பு அமைந்தது. ஸ்டேஷனின் பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயர் அதற்கு இடப்பட்டது. பெங்களூரில் பெருந்தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் தளபதிகள், ரெசிடெண்டுகள் ஆகியோரின் பெயர்கள் உண்டு. கூலிக்காரர் குடியிருப்புக்கோ ஒரு பொறியாளரின் பெயர் வாய்த்தது. வீடு கட்டித் தந்தவன் பெயர் நிலைத்தது என்று இதனை நான் கருதிக்கொள்வது உண்டு.

பெங்களூரில் பிளேக் புகுந்த அதே 1898ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்டு என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நீதிமன்றங்களிலும் பாராளுமன்றத்திலும் சுருக்கெழுத்தாளராகப் பணி செய்தவர் அவர். தோட்ட நகரம் என்ற கருத்தை உலகுக்கு அளித்தது அந்நூலே. 6,000 ஏக்கர் நிலத்தில் 32,000 மக்கள் வாழத்தக்க ஊர், நடுவே பூங்கா, சுற்றிலும் வயல். இவ்வளவையும் பலர் அறிவர். ஆனால் அந்நூலின் உயிர்நிலை பூங்காவில் இல்லை, குடிக்கூலியில் இருக்கிறது. நிலம் முழுவதும் ஊருக்குப் பொதுவாக, அறங்காவலர் கையில் இருக்கவேண்டும். குடியிருப்போர் கொடுக்கும் நிலவாடகையில் நிலம் வாங்கிய கடனும் வட்டியும் தீர்க்கப்படவேண்டும். பின்னர் ஊர் வளர வளர நில மதிப்பு உயர்ந்து பெருகும் வருமானம் அவ்வூர் மக்களுக்கே சாலையாக, பள்ளியாக, முதியோர்க்கு உதவியாகத் திரும்பவேண்டும். ஹோவர்டின் கணக்கு இதுவே. 1903இல் லெச்வர்த் என்ற ஊர் இக்கருத்தின்படி தொடங்கப்பட்டது. பிறகு உலகின் பல நகரங்கள் ஹோவர்டின் பூங்காக்களையும் மரம் நிறைந்த சாலைகளையும் எடுத்துக்கொண்டன. அவருடைய வாடகைக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. பூங்கா நகரம் எனப் புகழ்பெற்ற பெங்களூருக்கும் இக்கூற்று பொருந்தும்.

இனி, குடிக்கூலியின் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். அதனை எழுதியவை இரண்டு உலகப் போர்கள்.

முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரின் கப்பல் தளங்களுக்கும் ஆயுதச்சாலைகளுக்கும் தொழிலாளர் திரண்டு வந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆடவர் போர்முனையில் இருக்க, மேரி பார்பர் போன்ற பெண்கள் தலைமை தாங்கி, ஏறிய வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று மறுத்து நின்றனர். 1915ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டத்தை இயற்றியது. நெருக்கடி மிகுந்த பம்பாயில் 1918இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. கல்கத்தா 1920இல் அவ்வழியைப் பின்பற்றியது.

பெங்களூருக்கு அந்நெருக்கடி இரண்டாம் உலகப் போரோடு வந்தது. படைகளின் பெருந்தளமாக ஊர் மாறிற்று. 1940ஆம் ஆண்டு டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் விமானத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1941ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1951இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆயிற்று. பத்தே ஆண்டில் ஊர் கிட்டத்தட்ட இரு மடங்காயிற்று. வீடுகள் இரு மடங்காகவில்லை. இதற்கிடையே 1947ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் ஸ்டேஷன் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகரசபைகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. மர்பி டவுனும் மல்லேசுவரமும் ஒரே ஊராயின.

1951இல் மைசூர் அரசு வீட்டு வாடகை, இருப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபின், மாநிலம் முழுவதற்குமாக 1961ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சட்டத்துக்கு உட்பட்ட வீடு காலியானால் உரிமையாளர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவ்வதிகாரி அதனை ஒருவருக்கு ஒதுக்குவார். நியாய வாடகை இன்னதென நிர்ணயிக்க விண்ணப்பிக்கலாம். தக்க காரணத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது.

இச்சட்டத்தால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மொழி புதிது, ஊர் புதிது, உறவினர் எவரும் இல்லை என்ற நிலையில் வந்து சேர்ந்த எண்ணற்ற குடும்பங்கள், நாளை தெருவில் நிற்க நேருமோ என்ற அச்சமின்றிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது இதன் துணையால்தான். எனினும் அதன் குறையும் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற முடியாதென்று அஞ்சியவர் வீட்டைப் பூட்டி வைத்தார். வாடகை உயராத வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் மனமில்லை. ஆற்றுக்கு ஓரிடத்தில் அணை கட்டினால் நீர் வேறோரிடத்தில் வழி தேடும். வாடகை என்ற வாய்க்கால் அடைபட்டபோது முன்பணம் என்ற வாய்க்கால் அகன்றது. சட்டத்தின் கண்ணுக்கு எட்டும் தொகை சிறிதாயிற்று. எட்டாத தொகை பெரிதாயிற்று. இவ்வனுபவம் பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. பம்பாயில் 'பகடி' என்ற பெயரால் வழங்கிய தொகையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய ஆறுதல் அந்நாட்களில் வேறோரிடத்திலிருந்து கிடைத்தது. தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், இயந்திரக் கருவித் தொழிற்சாலை 1953இலும், மின்னணுத் தொழிற்சாலை 1954இலும் பெங்களூரில் எழுந்தபோது, அவை தொழிலாளர்க்குக் குடியிருப்புகளையும் கட்டின. தூரவாணி நகரும் ஜாலஹள்ளியும் அவ்வாறு வளர்ந்தவை. ஆள் தேவை என்று அழைத்தவரே கூரையும் அளித்தனர். அக்குடியிருப்பில் இடம் பெற்ற குடும்பம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. அம்மிச்சத்தில் மனை வாங்கியது. மர்பி டவுனில் நகரசபை தொடங்கிய பணியைப் பெரிய அளவில் ஆலைகள் தொடர்ந்தன எனலாம்.

மூன்றாம் அத்தியாயம் நம் காலத்தது. மர்பி டவுனுக்குக் கிழக்கேயுள்ள வெளிகளில், 1976இல் அமைந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் காலத்தில் இந்திரா நகர் விரிந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் அமைதியாக வாழும் இடமாக அது முதலில் இருந்தது. 1983இல் இன்போசிஸ் நிறுவனம் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது; 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கு வந்தது. பின்னர் வந்த கணினி நிறுவனங்கள் பல. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பெங்களூரின் முதல் மெட்ரோ ரயில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இந்திரா நகர், அல்சூர் இரண்டிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. அவற்றுக்கு நடக்கும் தூரத்தில் மர்பி டவுன் இருக்கிறது.

டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளியல் அறிஞர் 1817இலேயே இதற்கு விளக்கம் எழுதி வைத்தார். நிலவாடகை என்பது நிலக்காரர் உழைப்பால் விளைவதன்று. ஒரு நிலத்துக்கு மற்றொரு நிலத்தைவிட உள்ள அனுகூலத்தால் விளைவது என்றார் அவர். அவர் சொன்னது நெல்லும் கோதுமையும் விளையும் நிலத்தைப் பற்றி. ஊர் மனைக்கும் அது பொருந்தும். பொதுப்பணத்தால் ரயில் ஓடுகிறது. ரயிலுக்கு அருகிலுள்ள சுவரின் மதிப்பு உயர்கிறது. அச்சுவருக்குள் குடியிருப்பவர் உயர்ந்த வாடகை கொடுக்கிறார். வரி செலுத்துவோர் என்ற முறையில் ஒருமுறையும், குடியிருப்போர் என்ற முறையில் மறுமுறையுமாக ஒரே ரயிலுக்கு இருமுறை விலை கொடுக்கிறோம். பொதுவில் விளைந்த மதிப்பு பொதுவுக்கே திரும்பவேண்டும் என்று ஹோவர்டு வாதாடியதன் பொருள் இங்கேதான் நமக்கு நன்கு விளங்குகிறது.

இதனிடையே சட்டமும் பின்வாங்கிற்று. கர்நாடக வாடகைச் சட்டம், 1999 என்ற புதிய சட்டம் 2001ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகள் அதன் பாதுகாப்புக்குப் புறம்பானவை. இன்று பெங்களூரில் ஒரு குடும்பம் வாழத்தக்க வீடு அத்தொகைக்கு அரிது. எனவே நம்முள் பெரும்பாலோர்க்கு வீட்டுக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே சட்டம்.

அந்த ஒப்பந்தமும் எட்டாதவர் என்ன செய்வர்? கோலார் தங்கவயலிலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களைப் பார்த்தவர்க்கு விடை தெரியும். தங்கவயலும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் உருவான ஊரே. சுரங்கக் கம்பெனி கட்டிய லயன் வீடுகளில் தலைமுறைகள் வாழ்ந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, கூரை மட்டும் எஞ்சிற்று. அக்கூரையை விட்டுப் பெங்களூர் வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாத ஆயிரக்கணக்கானோர், மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ரயிலேறி, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவைக் கடந்து வேலைக்கு வந்து இரவில் திரும்புகின்றனர். அவர்கள் குடிக்கூலியைப் பணமாகக் கொடுப்பதில்லை; உறக்கத்தைக் குறைத்துக் கொடுக்கின்றனர்.

இனி அந்தப் பத்து மாத முன்பணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபாய் எனக் கொள்வோம். முன்பணம் 2 இலட்சம். வங்கியில் நூற்றுக்கு 6 வட்டி கிடைக்குமானால், ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் 1,000 ரூபாயை நாம் இழக்கிறோம். உண்மையில் வாடகை 21,000 என்றாகிறது. வீடு காலி செய்கையில் வண்ணம் பூசுவதற்கு என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதும் இங்கே பரவலான வழக்கம். இரண்டு ஆண்டில் காலி செய்தால் அதுவும் மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேலாகும். மத்திய அரசு ஊழியர்க்கு வீட்டு வாடகைப்படி உண்டு. பெங்களூர் போன்ற முதல்நிலை நகரங்களுக்கு 2017இல் அடிப்படைச் சம்பளத்தில் 24 விழுக்காடாக இருந்த படி, 2024 ஜனவரி முதல் 30 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் படி மாதந்தோறும் வருவது. முன்பணம் ஒரே நாளில் கேட்கப்படுவது. மாதப்படியே இல்லாத தனியார் ஊழியரும் அன்றாடக் கூலியாளரும் அத்தொகைக்கு எங்கே போவர்? நகைக்கடன், சீட்டு, கைமாற்று இவையே வழி.

மொத்தமாகப் பெருந்தொகை கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்கையில் தொகையைத் திரும்பப் பெறும் முறையும் பெங்களூரில் உண்டு. நாம் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் அறிந்ததற்கு நெருங்கிய முறை அது. கொரியாவில் 'ஜியோன்சே' என்ற பெயரால் இம்முறை நெடுங்காலமாக நிலவுகிறது. வீட்டுக்காரர் தொகையைத் திருப்பித் தர இயலாது போகும்போது குடியிருப்போர் படும் பாடு அந்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் பெருஞ்செய்தியாயிற்று.

இதற்குப் பரிகாரம் தேடும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. மாநிலங்கள் ஏற்று இயற்றினாலன்றி அது செயலுக்கு வராது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, இருதரப்பும் வேறு விதமாக உடன்பட்டாலன்றி மூன்று மாத வாடகையை எல்லையாக வைக்கிறது. உடன்படாவிட்டால் வீடே கிடைக்காது என்றால், அந்த எல்லைக்கு வலு ஏது என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே.

ஆதலால், வெளி மாநிலத்தில் வீடு தேடும் நேயர்கள் தம்மளவில் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே சொல்லிவைக்கிறேன். முன்பணத்தை ரொக்கமாகக் கொடாமல் வங்கி வாயிலாகச் செலுத்துங்கள். அது எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், எதற்காக எவ்வளவு கழிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட காலக் குத்தகைப் பத்திரம் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தங்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே. வீட்டில் முன்பே உள்ள பழுதுகளைக் குடிபுகும் நாளிலேயே குறித்து இருவரும் கையொப்பமிடுவது நன்று.

நான் அந்த மாடி வீட்டில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். முன்பணத்துக்காக என் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. மீண்டும் மாற்றல் வந்தபோது, பெரியவரிடம் இரண்டு மாதம் முன்னரே தெரிவித்தேன். காலி செய்த அன்று, எழுதிய ஒப்பந்தப்படியே ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். அடுத்து எவரும் இன்னும் குடிவரவில்லை என்பது எனக்குத் தெரியும். "பணத்துக்கு என்ன செய்தீர்கள், ஐயா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். "நீங்க கொடுத்தது அன்னைக்கே கடனுக்குப் போயிடுச்சு சார். இப்ப வீட்ல இருந்த நகையை வச்சுத்தான்" என்றார்.

என் வீட்டு வளையல் மீண்ட பணம் அவர் வீட்டு நகை அடகு போனதால் வந்தது. இருவரையும் வருத்திய அவ்வழக்கத்தில் அவரைக் கொடியவர் என்றோ என்னை ஏமாளி என்றோ சொல்ல இடமில்லை. முதுமைக்கு வேறு காப்பு இல்லாத ஒருவரும், தலைக்கு மேல் கூரை இல்லாத ஒருவரும் எதிரெதிரே நிற்குமாறு விடப்பட்டிருக்கிறோம். நாக்ஸ்பேட்டையில் நகரசபை வீடு கட்டிய நாளிலும், தூரவாணி நகரில் ஆலை வீடு கட்டிய நாளிலும் அவ்விருவருக்கும் இடையே ஒரு பொது நிறுவனம் நின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 84 இலட்சத்தைக் கடந்துவிட்ட பெங்களூரில், அந்த இடம் பெரும்பாலும் காலியாக உள்ளது. வாடகையை அடக்கும் சட்டம் மட்டும் அதனை நிரப்பாது என்பதை 1951 முதல் பெற்ற அனுபவம் காட்டுகிறது. சட்டமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் நிரப்பாது என்பதைத் தங்கவயல் ரயில் நாள்தோறும் காட்டுகிறது. உழைக்க வாருங்கள் என்று ஆட்களை அழைக்கும் ஊர், அவர்கள் உறங்குவதற்கும் இடம் அமைக்கவேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பிளேக் நோய்க்கு அஞ்சியேனும் அதனை உணர்ந்தார்கள்.

மர்பி டவுனின் அந்தச் சிறு மனைகள் அவ்வுணர்வுக்குச் சாட்சியாக இன்றும் இருக்கின்றன.